அதிகாலை உடற்பயிற்சியும் கீழ்வீட்டாரின் தூக்கமும்: யார் விட்டுக்கொடுப்பது?

பொங்கோல்காரன்
அனைவருக்கும் வணக்கம். இரத்தச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, மருந்துக்கு இப்போது அவசரமில்லை, ஆனால் உடம்பை அசைத்தே ஆக வேண்டும் என்று குடும்ப மருத்துவர் சொல்லிவிட்டார். வீடு பொங்கோலில், வேலை சிங்கப்பூரின் மறுகோடியில் இருக்கும் துவாஸில். நிறுவன பஸ் காலை ஆறு மணிக்கு வந்துவிடும். மாலையில் வீடு திரும்ப எட்டு ஆகிறது. அதற்குப் பிறகு சோபாவைத் தவிர வேறெதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே நாலே முக்காலுக்கு எழுந்து, ஒரு குவளை வெந்நீர் குடித்துவிட்டு, ஐந்து மணிக்குக் கூடத்தில் ஸ்கிப்பிங் ஆரம்பித்துவிடுவேன். பத்து நிமிடம்தான். பிறகு கொஞ்சம் தண்டால்.

வாழ்நாளில் முதன்முறையாக ஒரு நல்ல பழக்கம் எனக்குப் பிடிபட்டிருக்கிறது. அதற்குள் போன வாரம் கதவுக் கம்பியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நீல மையில், ஆங்கிலத்தில், எல்லாமே பெரிய எழுத்து. காலை ஐந்து மணிக்குக் குதிப்பதை நிறுத்தவும், வீட்டில் வயதானவர் இருக்கிறார், நன்றி. பெயர் இல்லை, வீட்டு எண்ணும் இல்லை. நான்கு மூலையிலும் ஒட்டுநாடா, அதுவும் இரண்டு சுற்று.

நான் என்ன நடுராத்திரியில் குடித்துவிட்டுக் கும்மாளமா போடுகிறேன்? உடம்பைப் பார்த்துக்கொள்வதும் குற்றமா? நேரத்தை மாற்றினால் பழக்கமே போய்விடும் என்று பயமாக இருக்கிறது. இருபத்தொரு நாள் செய்தால் படிந்துவிடும் என்பார்கள்; அதைத் தாண்டி இப்போதுதான் படிந்திருக்கிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்?

உள்ளதைச்சொல்பவன்
கீழ்வீட்டில் நான் இருந்திருந்தால் தாள் ஒட்டியிருக்க மாட்டேன் ஐயா. ஐந்தே காலுக்கு உங்கள் கதவைத் தட்டியிருப்பேன்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) சொல்லும் அமைதி நேரம் இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை. அக்கம்பக்க இரைச்சலைப் பற்றி ஆராய்ந்த ஆலோசனைக் குழு, அதை இரவு 10 முதல் காலை 8 வரை நீட்டிக்கலாம் என்று 2022இல் பரிந்துரைத்தது. எந்தக் கணக்கில் பார்த்தாலும் ஐந்து மணி உங்களுக்குச் சாதகமாக வராது. நல்ல பழக்கம் என்று நீங்களே பெயர் சூட்டிக்கொண்டால் சத்தம் குறைந்துவிடுமா?

ஈசூன்அக்கா
கொஞ்சம் மெல்லப் பேசுங்கள், அவர் கேள்விதானே கேட்டிருக்கிறார்.

தம்பி, பெயர் போடாத தாளை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மேல்வீட்டில் இருப்பவர் எப்படிப்பட்டவர் என்று தெரியாத பயம் அது. நம் ஊரில் பக்கத்து வீட்டுச் சண்டை எங்கெங்கோ போய் முடிந்த செய்திகளைப் படிக்கிறவர்கள்தானே எல்லோரும். நன்றி என்று கடைசியில் எழுதியிருக்கிறாரே, அதைக் கவனித்தீர்களா? கோபத்தில் எழுதுகிறவர் அந்தச் சொல்லுக்கு மை செலவழிக்க மாட்டார். முதலில் நகராண்மைக் கழகத்துக்குப் புகார் போகவில்லை, உங்களிடம்தான் வந்திருக்கிறது. நான் அதை நல்ல அறிகுறியாகவே பார்க்கிறேன்.

காங்கிரீட்_மனிதன்
கட்டுமானத் துறையில் இருக்கிறேன். பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன்.

வீட்டுச் சத்தத்தில் இரண்டு வகை உண்டு. பேச்சு, தொலைக்காட்சி, பாட்டு எல்லாம் காற்றில் வருபவை. கனமான காங்கிரீட் தளம் அவற்றைப் பெரும்பாலும் தடுத்துவிடும். ஜன்னல் வழியாக வருவதுதான் மிச்சம். குதிப்பது, நாற்காலியை இழுப்பது, உரலில் இடிப்பது எல்லாம் வேறு கதை. அடி நேராகத் தளத்தில் விழுகிறது, தளமே அதிர்கிறது, அந்த அதிர்வு சுவர், தூண் வழியாகப் பரவுகிறது. மேலே இருப்பவருக்கு லேசான தொப் தொப். கீழே படுத்திருப்பவருக்குத் தலைக்கு மேல் யாரோ நடப்பது போல. "நான் மெதுவாகத்தானே குதிக்கிறேன்" என்று மேல்வீட்டுக்காரர் சொல்வது பொய்யில்லை, அவருக்கு அப்படித்தான் கேட்கும்.

இன்னொன்று. அதிர்வு பக்கவாட்டிலும் போகும். தாள் ஒட்டியவர் நேர் கீழ்வீட்டுக்காரர்தான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். மூலைவிட்டத்தில் இருக்கும் வீட்டிலிருந்தும் வந்திருக்கலாம். இதே காரணத்தால் தப்பான வீட்டுக் கதவைத் தட்டிச் சண்டை போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ரப்பர் விரிப்பு போட்டால் ஓரளவு குறையும். கயிறு தரையில் அறையும் சத்தம் நன்றாகவே குறையும். ஆனால் எழுபது எண்பது கிலோ உடம்பு இறங்கும் அடியை யோகா விரிப்பு தாங்கும் என்று நம்பாதீர்கள்.

வாசகன்_78
இருபத்தொரு நாள் கதையை எங்கே பார்த்தாலும் எனக்குக் கை துறுதுறுக்கும், மன்னியுங்கள்.

அது 1960இல் ஓர் அமெரிக்க ஒட்டறுவை மருத்துவர் எழுதிய குறிப்பிலிருந்து கிளம்பியது. அறுவை முடிந்தவர்கள் தங்கள் புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்றார் அவர். "குறைந்தது" என்பது வழியில் உதிர்ந்துபோய், எல்லாப் பழக்கத்துக்கும் 21 நாள் என்று ஆகிவிட்டது. முகத்துக்குப் பழகுவதும் விடியலில் எழுந்து கயிறு தாண்டுவதும் ஒன்றா?

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை 12 வாரம் கவனித்த ஆய்வு ஒன்று 2009இல் வெளிவந்தது. ஒவ்வொருவரும் தாமே தேர்ந்தெடுத்த ஒரு செயலைத் தினமும் ஒரே சூழலில் செய்தார்கள். அது யோசிக்காமலே நடக்கிற நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆனால் சராசரியைவிட அந்த விரிவுதான் முக்கியம்: 18 நாள் முதல் 254 நாள் வரை. தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் படிந்தன, உடற்பயிற்சி அதிக நாள் எடுத்தது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது.

ஆகவே பொங்கோல்காரரே, இரண்டு செய்தி. உங்கள் பழக்கம் இன்னும் முழுதாகப் படிந்திருக்காது. அதே சமயம், ஒரு மாற்றம் செய்தால் எல்லாம் பாழ் என்ற பயமும் தேவையில்லை. பழக்கத்தை எழுப்பிவிடுவது கடிகாரம் அல்ல, முந்தைய செயல். உங்கள் விஷயத்தில் அது அந்த வெந்நீர்க் குவளை. குவளையை வைத்தவுடன் கயிற்றை எடுக்கிறீர்கள். இனி குவளையை வைத்தவுடன் காலணியைப் போட்டுக்கொண்டு மின்தூக்கிக்குப் போங்கள். நேரம் அதே, தூண்டுதல் அதே, இடம் மட்டும்தான் வேறு.

பொங்கோல்காரன்
சொல்வது சுலபம். ஐந்து மணிக்குக் கீழே இருட்டு. நவம்பர், டிசம்பரில் மழை. கீழ்த்தளத்தில் நின்று கயிறு சுழற்றினால் இரண்டாம் மாடிக்காரர் தாள் ஒட்டுவார்.

அப்புறம், உள்ளதைச்சொல்பவரே, அந்தக் கீழ்வீட்டிலிருந்து ஞாயிறு மதியம் கரோக்கே கேட்கிறதே, நான் ஏதாவது சொன்னேனா?

உள்ளதைச்சொல்பவன்
மதியத்தில்தானே பாடுகிறார்கள். ஐந்து மணிக்கா பாடுகிறார்கள்?

கறிவேப்பிலை
எனக்கு இதில் வேறொரு உறுத்தல். எப்போதும் நாம்தான் குரலைத் தணித்துக்கொள்ள வேண்டுமா? கறிக் குழம்பு வாசனைக்கே பஞ்சாயத்து வைத்த ஊர் இது. மறந்துவிட்டீர்களா?

ஈசூன்அக்கா
மறக்கவில்லை. ஆனால் அதையும் இதையும் ஒரே கூடையில் போடாதீர்கள். சீனாவிலிருந்து வந்த குடும்பம் ஒன்று பக்கத்து இந்தியக் குடும்பத்தின் கறி வாசனை தாங்கவில்லை என்று புகார் சொல்ல, மத்தியஸ்தத்தில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. புகார் சொன்னவர்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் கறி சமைப்பது, அவர்களும் கறியைச் சுவைத்துப் பார்ப்பது என்று. அது சில ஆண்டுகள் கழித்து 2011இல் செய்தியானபோது ஊரே கொதித்தது. ஆகஸ்ட் 21ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டிலும் கறி சமையுங்கள் என்று இணையத்தில் அழைப்பு விடுத்தார்கள், ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள். சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று வேறுபாடில்லாமல்தான் சேர்ந்தார்கள். என் மாடியில் அன்று மலாய் அக்கா வீட்டில் கோழிக் கறி, எதிரே இருக்கும் சீன ஆன்ட்டி வீட்டில் டப்பாக் கறிப்பொடியில் ஏதோ ஒன்று. நம்மைத் தனியாக விட்டுவிட்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

சமைப்பது வாழ்க்கை முறை. ஐந்து மணிக்குக் குதிப்பது ஒரு தேர்வு, இடம் மாற்றலாம். அவ்வளவுதான் வித்தியாசம்.

கறிவேப்பிலை
சரி, அதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் அந்த உடன்பாட்டை நான் இன்றுவரை ஏற்கவில்லை.

நடுவில்_நிற்பவர்
மத்தியஸ்தத்தில் தொண்டூழியராக இருந்திருக்கிறேன். எந்த வழக்கைப் பற்றியும் பேசக் கூடாது, பேசவும் மாட்டேன். பொதுவாகச் சிலவற்றைச் சொல்கிறேன்.

சமூக மத்தியஸ்த நிலையம் 1998 முதல் இருக்கிறது. மத்தியஸ்தர்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். இரு தரப்பும் உட்கார்ந்து பேசித் தாங்களே ஒரு வழி காண உதவுவார்கள். அதற்கும் மசியாவிட்டால் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அண்டைவீட்டுத் தகராறுகளுக்கென்றே தனி நடுவர் மன்றம் இருக்கிறது. கடுமையான இரைச்சல் வழக்குகளுக்கு 2025இல் தெம்பனிஸ் வட்டாரத்தில் அதிகாரிகளைக் கொண்ட ஒரு சிறப்புப் பிரிவை முன்னோடித் திட்டமாகத் தொடங்கினார்கள். உங்கள் விஷயம் இவை எதற்கும் அருகில்கூட வரவில்லை. வர விடாதீர்கள்.

மேசைக்கு எதிரெதிரே வந்து உட்காருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு ஒன்று உறைக்கும். பெரும்பாலோர் அதற்கு முன்பு ஒருவரோடொருவர் பேசியதே இல்லை. மின்தூக்கியில் கைபேசியைப் பார்த்துக்கொண்டே பல ஆண்டுகள் ஏறி இறங்கியிருப்பார்கள். முதல் உரையாடலே புகாராக இருந்தால், அடுத்த பத்து உரையாடலும் புகாராகத்தான் இருக்கும். தலையசைப்பு, "சாப்பிட்டீர்களா" என்ற ஒரு கேள்வி, பொத்தானை அழுத்திப் பிடித்துக் காத்திருப்பது, இவற்றையும் உடற்பயிற்சி போலத் தினசரிப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி. சண்டை வந்த பிறகு பழக ஆரம்பிப்பது மிகவும் கடினம்.

போய்ப் பேசுவதானால்: காலையில் போகாதீர்கள், சாப்பாட்டு நேரத்திலும் வேண்டாம். விளக்கம் சொல்லி ஆரம்பிக்காதீர்கள். சர்க்கரை, நிறுவன பஸ், மருத்துவர் எல்லாம் பிறகு. முதலில் "எந்த நேரத்துச் சத்தம் அதிகம் தொந்தரவு?" என்று கேளுங்கள். பதில் நீங்கள் நினைப்பதாக இருக்காது, பல நேரங்களில். உங்கள் கைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்த முறை தாளுக்கு வேலை இருக்காது.

தேக்கா_மாமி
முறுக்கு ஒரு டப்பா எடுத்துக்கொண்டு போங்கள். வெறுங்கையோடு போகாதீர்கள்.

உள்ளதைச்சொல்பவன்
தயவுசெய்து வேண்டாம். தீபாவளிக்கு ஒரு தட்டு நீட்டாதவர், புகார் வந்த மறுவாரம் முறுக்கோடு நின்றால் அது லஞ்சம் மாதிரி இருக்கும். எங்கள் தோ பாயோ பழைய புளோக்கில் தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு மூன்றுக்கும் தட்டுகள் போய்வந்துகொண்டிருந்தன. வெறும் தட்டு திரும்பி வந்ததாக நினைவில்லை. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கை சீனியாவது போட்டுத் தருவார்கள். இப்போது பிளாஸ்டிக் டப்பா, "திருப்பித் தர வேண்டாம்" என்று சொல்லியே கொடுக்கிறோம். பிறகெப்படி இரண்டாம் முறை கதவு திறக்கும்?

மேலும் இந்த ஊரில் அபராதம் இல்லாமல் எந்த நல்ல பழக்கமும் வராது. மரியாதை இயக்கம் 1979இலேயே ஆரம்பித்துவிட்டார்கள். சிங்கச் சின்னமெல்லாம் வைத்துப் பாட்டுப் பாடிப் பார்த்தார்கள். உணவங்காடியில் தட்டைத் திருப்பி வை என்று எத்தனை ஆண்டுகள் கெஞ்சினார்கள்! 2021 செப்டம்பரில் அபராதம் என்றதும் தானாகக் கை நீண்டது.

வாசகன்_78
பாதி உண்மை. அபராதம் தொடங்கிவைத்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்று தட்டை எடுத்துவைக்கிறவர்கள் அதிகாரி நிற்கிறாரா என்று சுற்றிப் பார்த்துவிட்டா வைக்கிறார்கள்? தட்டு அடுக்கும் தாங்கி போகிற வழியிலேயே இருக்கிறது, முன்னால் போகிறவர் வைக்கிறார், நாமும் வைக்கிறோம். எங்கள் காப்பிக்கடையில் அந்தத் தாங்கியைத் தூணுக்குப் பின்னால் நகர்த்திய மாதம் மேசைகளில் மறுபடி குவளைகள் நின்றன. அதே மக்கள், அதே அபராதம். மன உறுதியைத் திட்டுவதைவிடப் பொருளை எங்கே வைக்கிறோம் என்று பார்ப்பது பலன் தரும். பொங்கோல்காரர் கயிற்றைக் கூடத்திலிருந்து எடுத்து வாசல் காலணி அடுக்கில் தொங்கவிட்டால் பாதி வேலை முடிந்தது.

காங்கிரீட்_மனிதன்
காலணி அடுக்கு வாசலுக்கு வெளியே என்றால் நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும், தீயணைப்பு விதி. கயிற்றில் யாராவது தடுக்கி விழுந்தால் அது அடுத்த விவாத இழை.

பொங்கோல்காரன்
ஞாயிறு சாயந்திரம் போய்வந்தேன். முறுக்கு இல்லை. (மாமி மன்னிக்க.)

நேர் கீழ்வீடுதான். எண்பதைத் தாண்டிய சீனப் பெரியவர், ஓர் இந்தோனேசியப் பணிப்பெண். தாள் எழுதியது அவருடைய மகள்; அவர் வேறெங்கோ இருக்கிறார், வார இறுதியில் வருவார். பெரியவருக்கு ஆங்கிலம் வராது, எனக்கு ஹொக்கியன் சீனம் வராது. என் அப்பாவிடம் கேட்டுப் பழகிய பசார் மலாய், அதாவது சந்தையில் பேசும் எளிய மலாய், இருபது முப்பது சொல் என்னிடம் இருந்தது. அவரிடம் என்னைவிட நிறைய இருந்தது. துறைமுகத்தில் வேலை பார்த்தாராம். அங்கே தமிழர்களோடு மலாயில்தான் பேச்சாம். "பாகி பாகி (காலை காலை) பூம் பூம்" என்று கையைத் தலைக்கு மேல் தட்டிக் காட்டினார். பணிப்பெண் சிரித்துவிட்டார், எனக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

நடுவில் நிற்பவர் சொன்ன கேள்வியைக் கேட்டேன். குதிப்பதும் தொந்தரவுதான், அதைவிட ஐந்தரை மணிக்கு வரும் "கிரீச்" என்றார். நான் பசியாறும்போது இழுக்கும் நாற்காலி! குதிப்பு நின்றதும் மறுபடி கண் அசருமாம், அப்போது நாற்காலி. மறுநாளே கால்களுக்குக் கம்பளித் துண்டு ஒட்டிவிட்டேன், இரண்டு வெள்ளி செலவுதான்.

கயிறு இனி வார இறுதியில் மட்டும், காலை எட்டுக்கு மேல் கீழே. வார நாளில் பொங்கோல் நீர்வழிப் பூங்காவில் வேக நடை. கரையோரம் விளக்கு நன்றாகவே இருக்கிறது, 4.2 கிலோமீட்டர் நீர்வழியில் எனக்குத் தேவையான துண்டு போக மிச்சம் நிறைய. மழை நாளுக்குச் சுவரில் கை ஊன்றித் தண்டாலும் உட்கார்ந்து எழுவதும். இப்போதைக்கு ஓடுகிறது. உண்மையைச் சொன்னால் ஸ்கிப்பிங்கில் வந்த வியர்வை நடையில் வரவில்லை, அந்த எரிச்சல் எனக்கு இன்னும் இருக்கிறது. கரோக்கே மேல் மாடியிலிருந்து வருகிறது என்றும் தெரிந்துகொண்டேன்.

நடுவில்_நிற்பவர்
எரிச்சல் இருந்தால் இருக்கட்டும். மகளிடமும் ஒரு முறை பேசிவிடுங்கள். தாள் எழுதியவருக்குப் பதில் போக வேண்டும், இல்லாவிட்டால் பெரியவர் பயந்துபோய் ஒப்புக்கொண்டார் என்று நினைத்துக்கொள்வார்.

மிருதங்கத்தின்அம்மா
இழையைக் கடத்துகிறேன், பொறுத்தருள்க. என் மகன் தினமும் மிருதங்கம் பயிற்சி செய்கிறான், மாலை ஏழு முதல் ஏழே முக்கால் வரை. அமைதி நேரத்துக்குள் வரவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுப் பெண் குழந்தை இந்த ஆண்டு தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுதுகிறாள். அவர்கள் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லும் வரை காத்திருக்கலாமா?

ஈசூன்அக்கா
காத்திருக்காதீர்கள். சொல்லாமல் பொறுத்துக்கொள்கிறவர்களிடம்தான் முதலில் போய்க் கேட்க வேண்டும். எழுத்துத் தேர்வு செப்டம்பர் கடைசியில் தொடங்கும். அதற்கு முந்தைய சில வாரங்களுக்கு எந்த நேரம் அவள் படிக்கிறாள், எந்த நேரம் துணைப்பாட வகுப்புக்குப் போகிறாள் என்று அவள் அம்மாவிடம் கேட்டு, வகுப்பு நாட்களில் முழுப் பயிற்சி, மற்ற நாட்களில் வாயால் சொற்கட்டு சொல்லித் தொடையில் தாளம் போடட்டும். குருவிடமும் சொல்லிவையுங்கள், பையன் சோம்பேறியாகிவிட்டான் என்று நினைத்துக்கொள்ளப் போகிறார்.

காங்கிரீட்_மனிதன்
பையன் தரையில் உட்கார்ந்துதானே வாசிக்கிறான்? மிருதங்கத்துக்கு அடியில் தடித்த விரிப்பு போடுங்கள். பொதுச் சுவரை ஒட்டி உட்கார வேண்டாம், அலமாரி உள்ள பக்கமாக நகர்த்துங்கள். நடைபாதைப் பக்க ஜன்னலை மூடினாலே கணிசமாகக் குறையும். தோல் வாத்தியத்தின் சத்தம் பெரும்பாலும் காற்றில் வருவது, குதிப்பது மாதிரி இல்லை.

மிருதங்கத்தின்அம்மா
பொதுச் சுவரை ஒட்டித்தான் இவ்வளவு நாளும் உட்கார்கிறான். அங்கேதான் மின்விசிறிக் காற்று நேராக வரும் என்பான். இன்றைக்கே நகர்த்தச் சொல்கிறேன். அவள் அம்மாவை நாளை ஈரச்சந்தையில் பார்ப்பேன், அங்கேயே கேட்டுவிடுகிறேன்.